புகை இழுக்காத கூண்டு

காலையில் ஆய்வகத்துப் படியேறி வந்ததும் அக்கா பையைக்கூட வைக்க மாட்டாள். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு அறையில் யார் இருந்தாலும் அவரைப் பார்த்துக் கேட்பாள்:

"காத்துல இன்னிக்கு இன்னா வாசனை வருது?"

நான் இருந்தால் நான் சொல்ல வேண்டும். பெருக்குகிற அம்மா இருந்தால் அவர். டீ கொண்டு வருகிறவர் வந்து மாட்டிக்கொண்டால் அவர். திருவொற்றியூரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கிழக்கிலிருந்து அடித்தால் கருவாடு, வடக்கென்றால் அனல்மின் நிலையத்துச் சாம்பல், மேற்கென்றால் ஆலைகளின் கேஸ். ஆனால் அக்கா அதோடு விட மாட்டாள்.

"கருவாடுன்னா இன்னா கருவாடு? நெத்திலியா, வாளையா? நல்லா காஞ்சிக்கீதா, இன்னும் ஈரமா கீதா?"

காலை வேளையில் நான் சிடுமூஞ்சி. கல்மண்டபத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் இப்படி ஒரு விசாரணை. "கருவாடுன்னா கருவாடுதான்கா, ஆளை வுடு" என்பேன். அவள் விட மாட்டாள். வேறு வழியில்லாமல் நானும் ஜன்னலருகே போய் மூச்சை இழுப்பேன். அப்படி இழுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு முற்றத்தில், பழைய வலைமேல் காய்ந்துகொண்டிருக்கும் நெத்திலி எனக்குத் தெரியும். அதன் மேல் நடக்கிற காக்கைகூடத் தெரிகிற மாதிரி இருக்கும். நான் சொல்லச் சொல்ல அவள் மூடிய கண்ணோடு தலையாட்டிக்கொண்டிருப்பாள். அந்த நிமிடங்கள் எனக்குப் பிடித்திருந்தன என்பதை அப்போது நான் ஒப்புக்கொண்டதில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காத்திவாக்கத்துக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், அந்தக் குப்பத்திலிருந்து கெமிஸ்ட்ரி படித்து வந்தவள். கீழே கப்பல் கயிறும் சங்கிலியும் விற்கிற கடை, மேலே எங்கள் ஆய்வகம். கேன் தண்ணீர், போர்வெல் தண்ணீர், பாய்லர் தண்ணீர் என்று பாட்டில் பாட்டிலாக வரும். அவற்றை அமிலத்தில் கொதிக்கவைத்து உள்ளே என்ன உலோகம் இருக்கிறது என்று பார்ப்பது அக்காவின் வேலை. பாட்டில்களை வாங்கி வைப்பதும், அவள் சொல்லும் எண்களை டைப் அடிப்பதும், மாதம் ஒருமுறை கருவிகள் எல்லாம் ஓடுகின்றனவா என்று ரெஜிஸ்டரில் டிக் போடுவதும் என் வேலை.

அந்தக் கருவிகளில் ஒன்றுதான் கூண்டு. அமிலப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெட்டி அது. ஆள் உயரம், முன்னால் ஏற்றி இறக்கும் கண்ணாடி, தலைக்கு மேல் மோட்டார், அங்கிருந்து மொட்டை மாடிக்குப் போகிற தடித்த பைப். விம்கோ நகர்ப் பக்கம் மூடிப்போன ஏதோ ஓர் ஆலையின் ஏலத்தில் முதலாளி வாங்கி வந்தது. சுவிட்சைப் போட்டால் கட்டடமே அதிரும். அக்கா எப்போதாவது, "சார், சரியா இழுக்க மாட்டேங்குது" என்று சொன்னால், தென்காசிப் பக்கத்துக்காரரான முதலாளி மேலே விரலைக் காட்டுவார்.

"என்னம்மா, மோட்டார் ஓடுதுல்லா? சத்தம் கேக்குதுல்லா? பெறவு என்ன?"

நானும் அப்படித்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், சத்தம் கேட்டால் டிக் போட்டுவிடுவேன். பக்கம் பக்கமாக, ஒரே சாய்வில், அழகான டிக்குகள்.

அக்காவுக்கு மூக்கு வேலை செய்யாது என்பது எனக்கு ஒரு மத்தியானச் சாப்பாட்டில்தான் தெரிந்தது. டிபன் பாக்ஸைத் திறந்தாள். இறால் தொக்கு. திறந்த மாத்திரத்தில் நாற்றம் தாங்காமல் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்; பெருக்குகிற அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்தே போய்விட்டார். அக்கா நிதானமாகப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய்க்குப் போன கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, கெட்டுப்போய்க்கீது. தெர்லயா?"

அவள் கையிலிருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறாலைத் தொட்டே வளர்ந்தவள். முகத்தில் அப்படியொரு வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ரொம்ப நாளா ஒண்ணும் வரலபா," என்றாள். "மொதல்ல சளின்னு நென்ச்சேன். அப்பால மல்லிப்பூ போச்சி. அப்பால மண்ணெண்ணெ போச்சி. ஒண்ணொண்ணா போச்சி."

"டாக்டராண்ட காட்னியா?"

"காட்னேன். இன்னா வேலைன்னு கேட்டாரு. டைப்பிங்னு சொல்லிட்டேன்."

ஏன் பொய் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. குடிநீர்ப் பரிசோதனையில் 'வாசனை' என்று ஒரு கட்டம் உண்டு. அதற்கு மெஷின் கிடையாது. குடுவையைக் குலுக்கி, மூடியைத் திறந்து, மனிதர்தான் மோந்து பார்த்து எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுகிறவள் அக்கா. டாக்டர் வழியாக விஷயம் வெளியே வந்தால், மூக்கு இல்லாத கெமிஸ்ட்டை முதலாளி எதற்கு வைத்துக்கொள்வார்? "யாராண்டயும் சொல்லிடாத" என்று என் கையை இடது கையால் அழுத்தினாள். நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் அவளுடைய கேள்விகளெல்லாம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டன. டீக்காரரிடம் குடுவையை நீட்டி, "அண்ணாத்த, சும்மா மோந்து சொல்லேன், பெட் கட்டறேன், நீ கண்டுபுடிக்க மாட்ட" என்று விளையாட்டுக் காட்டுவாளே, அது விளையாட்டே இல்லை. ஒவ்வொரு தண்ணீருக்கும் இரண்டு பேரின் மூக்கைக் கடன் வாங்காமல் அவள் எழுதியதில்லை. வேலைக்காக அப்படிச் செய்தாள், சரி. ஆனால் காலையில் ஜன்னலருகே நின்று கேட்டதற்கும், மழை பெய்து ஓய்ந்த மாலையில் "தரையில இருந்து இன்னா ஏறி வருது, சொல்லு" என்று கேட்டதற்கும் எந்தக் கட்டமும் இல்லை. அது அவள் ஏக்கம். நான் சொல்கிற வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு எங்கோ போய்விட்டு வருவாள்.

எங்கள் ஆய்வகத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடுகிற பாய் வருவார். கடைகடையாகத் தூபக்காலோடு ஏறி இறங்குகிறவர், கயிற்றுக் கடையை முடித்துவிட்டு மேலே வருவார். மயிலிறகால் விசிறி, மேஜை, அலமாரி, முதலாளியின் கல்லாப்பெட்டி என்று மூலைமூலையாகப் புகை காட்டுவார். அக்கா அவரிடமும் விட மாட்டாள்.

"பாய், இன்னிக்கு வாசனை எப்டி?"

"நல்ல கட்டிமா இன்னிக்கி. ஊதுபத்தி கலப்படம் இல்ல. தொண்டைல எறங்குது பாரு."

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது கூண்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி பாதி ஏறியிருந்தது. அதற்கு முன்னால் அக்கா நின்றிருந்தாள். பாய் வழக்கம்போல அதற்கும் புகை காட்டினார். வெள்ளையாக, கனமாக, புகை கூண்டுக்குள் போனது. போய் மேலே ஏறவில்லை. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, தயங்கி, கண்ணாடிக்கு அடியில் வழிந்து வெளியே வந்து, நேராக அக்காவின் முகத்தில் ஏறியது. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகம் கொஞ்ச நேரம் காணாமல் போயிற்று. பார்க்க அழகாக இருந்தது. இன்று வரை கண்ணை மூடினால் அது வருகிறது.

"இன்னாமா இது?" என்றார் பாய். "ஒன் பொட்டி புகைய இஸ்துக்கல. துப்புது."

நாங்கள் சிரித்தோம். ஜன்னல் காற்று என்றேன் நான். அக்கா ஜன்னலைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள். "பாய், திரும்பக் காட்டு" என்றாள். புகை போய்த் திரும்பி வந்தது. "இன்னொரு தபா." மூன்றாவது முறை அவள் குனிந்து, புகைக்குச் சரியாக முகத்தை வைத்துப் பார்த்தாள். மோட்டார் தலைக்கு மேல் இரைந்துகொண்டுதான் இருந்தது.

"இத்தினி வருசமா என் மூஞ்சிக்கித்தான் வந்துகினு இருந்திச்சா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

பைப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பைப்பின் வாய். அதன்மேல் ஒரு யூரியா சாக்கு, நைலான் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. வெயிலில் சாக்கு வெளுத்து நூல் நூலாகப் போயிருந்தாலும் முடிச்சு அசையவில்லை. அதைக் கட்டியது நான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் மேற்கிலிருந்து கேஸ் நாற்றம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கர்சீப்பை வாயில் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். எங்கள் பக்கத்தில் நாற்றம் வந்தால் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: ஜன்னலைச் சாத்துவோம். எல்லாவற்றையும் சாத்தியும் நாற்றம் போகவில்லை. கூண்டு பைப் வழியாக உள்ளே இறங்குகிறது என்று முதலாளி சொன்னார், எல்லாரும் ஆமாம் என்றோம், நான் சாக்கோடு மாடியேறினேன். இரண்டு நாளில் அவிழ்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறந்துபோனேன். அதன் பிறகு அறைக்குள் எப்போது தொண்டை எரிந்தாலும், கண் கரித்தாலும், வெளியே காற்று மாறியிருக்கிறது என்று சொல்லி இன்னும் இறுக்கமாக ஜன்னலைச் சாத்தினோம். நாற்றம் வெளியிலிருந்துதான் வரும் என்பதில் இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் சந்தேகமே வராது. உள்ளே எங்கள் பெட்டியே புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.

சாக்கை அவிழ்த்துச் சுருட்டித் தொட்டிக்கு அடியில் தள்ளினேன். கீழே வந்து, "பைப்பு அடச்சிகினு இருந்திச்சி, எடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். எதனால் அடைத்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பு.

அடைப்பு எடுத்த பிறகும் கூண்டு இழுக்கவில்லை. ஃபிட்டரை வரவழைத்தோம். அவர் மோட்டாரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். காற்றைத் தள்ள வேண்டிய தகடுகள் இல்லை. போக வழியில்லாத அமிலப் புகை அங்கேயே தங்கி அவற்றைத் தின்றுவிட்டிருந்தது. நடுவில் இருந்த மொட்டைத் தண்டு மட்டும் அத்தனை சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. "கூண்டே போயிடிச்சி சார், உள் தகடு எல்லாம் அரிச்சிடிச்சி. புச்சா போடு" என்றார்.

புதிய கூண்டின் விலையைக் கேட்டு முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சமையல்கட்டில் வைக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை ஜன்னலில் மாட்டிச் சமாளிக்கலாம் என்றார்.

"இவ்வளவு நாளு நல்லாத்தானம்மா இருந்த? ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். அக்கா அவருக்கு நேராக வந்து நின்றாள். பிறகு, "மூக்கு போச்சி சார்" என்றாள். "எனக்கு எந்த வாசனையும் தெரியாது."

முதலாளி எழுந்துவிட்டார். "அப்பம் வாசனைக் கட்டத்துல எப்படிம்மா எழுதுன? கையெழுத்துப் போட்டிருக்கியே! வெளிய தெரிஞ்சா கடையப் பூட்ட வேண்டியதுதான்."

அக்கா தன் மேஜையிலிருந்து வேலைக் குறிப்பு நோட்டுகளைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். ஒவ்வொரு தண்ணீருக்கும் நேராக, 'வாசனை' என்ற இடத்தின் ஓரத்தில், பென்சிலில் பொடி எழுத்தில் இரண்டு குறி இருந்தது. யார் யார் மோந்து சொன்னார்கள் என்ற குறி. என் பெயரின் முதல் எழுத்து பக்கத்துக்குப் பத்து இடத்தில் இருந்தது. டீக்காரர் இருந்தார். பெருக்குகிற அம்மா இருந்தார். சாம்பிராணி போடுகிற பாயும் இருந்தார். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இது யாரு, 'மு'?"

"நீங்கதான் சார். குடுவைய நீட்டி, குளோரின் ஜாஸ்தியா சாருன்னு கேப்பேன்ல."

அவர் பக்கங்களைப் புரட்டினார். நிறைய இடத்தில் 'மு' இருந்தது. நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார். ஆனால் கூண்டு பற்றி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அக்கா சரியாக ஒன்பது மணிக்கு வந்தாள். கூண்டுக்கு முன் ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்தாள். "கூண்டு மாத்தற வரிக்கும் ஆசிட் பாட்டில தொட மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மாலை ஐந்தரைக்கு எழுந்து போனாள். இப்படி ஒன்பது நாள். என் அலமாரியில் பாட்டில்கள் நிரம்பி, தரையில் வரிசை கட்டி, படிக்கட்டு வரைக்கும் போயின. ரிசல்ட் கேட்டு வந்தவர்களுக்கு நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நடுநடுவே என்னைப் பார்த்து, "வெளிய இன்னா வருது?" என்பாள். நான் எழுந்து போய் மோந்து வந்து சொல்வேன். பத்தாவது நாள் காலையில் முதலாளி, யாரையும் பார்க்காமல், "வண்டி மத்தியானம் வருது. படியில கெடக்க பாட்டில ஒதுக்கி வைங்க" என்றார்.

பழைய கூண்டைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக இறக்கினார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். துருப்பிடித்த அந்தப் பெட்டி வெயிலில் மெல்லச் சுற்றிக்கொண்டே கீழே போயிற்று. புதியது வெள்ளையாக வந்தது. சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. அதனால் எங்களில் ஒருவருக்கும் அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அக்காவும் அதைத் தொடவில்லை. பாய் வந்து தூபக்காலை நீட்டினார். புகை கண்ணாடி வரை போய், வளைந்து, உள்ளே மடிந்து, இல்லாமல் போயிற்று. பாய் இன்னும் கொஞ்சம் கட்டியைப் போட்டு விசிறினார். அதுவும் போயிற்று. "அடேயப்பா" என்றார் முதலாளி. அக்கா மட்டும், புகை இல்லாமல் காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே திரும்ப டாக்டரிடம் போய், இந்த முறை உண்மையான வேலையைச் சொன்னாள். முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் திட்டினாராம். போனது திரும்புவது கஷ்டம் என்றும் சொன்னாராம். இதை அவள் என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அதற்கு மேல் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காத்திவாக்கத்துக்குப் போனேன். தெருவில் வலை காய்ந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் படகுக்குப் போயிருந்தார். "வா வா, இன்னா இவ்ளோ தூரம்?" என்று சிரித்தாள். உட்காராமலேயே சொன்னேன்.

"அக்கா, பைப்பு வாயில சாக்கு கட்டினது நான்தான்."

அவள் கை நின்றது.

"எப்போ?"

"மூணு வருசம் முன்ன. கேஸ் வந்திச்சே, பசங்கல்லாம் ஓடிச்சே, அன்னிக்கி."

"அவுத்திருக்கலாம்ல?"

"மறந்துட்டேன்கா."

"மறந்துட்ட," என்றாள். மறுபடி ஓர் இறாலை எடுத்து உரித்தாள். இன்னொன்று. தட்டில் இருந்தது முழுவதும் தீரும்வரை உரித்தாள். திட்டுவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று நின்றேன். எதுவும் நடக்கவில்லை.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து சிணுங்கியது. அந்த மூன்று வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல் லீவு எடுத்தது இந்தப் பெண்ணைப் பெறத்தான். இரண்டு வயதுகூட ஆகவில்லை. அக்கா கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு உள்ளே போனாள். குழந்தையைத் தூக்கி வந்து, "உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். என் மடியில் வைத்தாள்.

"இவ பொறந்தப்போவே எனக்கு ஒண்ணும் வரல. ஒரு நாளுகூட வரல. மோந்து சொல்லு."

கோபமா, கெஞ்சலா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. குழந்தையின் உச்சந்தலையில் குனிந்தேன். தூக்கத்தின் வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை.

"தேங்காண்ண," என்றேன்.

"அது நான் வெச்சது. அப்பால?"

"பவுடரு."

"அதுவும் நான் போட்டது. அப்பால?"

"பாலு. கொஞ்சம் புளிச்ச பாலு."

"அப்பால?"

மறுபடி குனிந்தேன். எண்ணெய்க்கும் பவுடருக்கும் பாலுக்கும் கீழே இன்னொன்று இருந்தது. எவ்வளவு நெத்திலியும் சாம்பலும் குளோரினும் அவளுக்குப் பிரித்துச் சொல்லியிருப்பேன். இதற்கு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணு கீதுக்கா. அதுக்குப் பேர் தெர்ல."

"அதான்பா," என்றாள். "அதான் எனக்கு வோணும்."

குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதன் தலைமயிருக்குள் முகத்தை வைத்து, மூச்சை நீளமாக இழுத்தாள். குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. அவள் மறுபடியும் இழுத்தாள்.